உயிரணுவின் செவி: மார்பகப் புற்றுநோயை வளர்க்கும் சமிக்ஞைகள்

மதிப்பிற்குரிய அவைத்தலைவர் அவர்களே, இச்சொற்பொழிவு வரிசையைத் தொய்வின்றி நடத்திவரும் மன்றத்தினரே, தமிழாசிரியப் பெருமக்களே, மாணவச் செல்வங்களே, விடுமுறை நாளின் மாலைப்பொழுதை எங்களுக்காக ஒதுக்கி வந்திருக்கும் அன்பர்களே, அனைவர்க்கும் எங்கள் பணிவான வணக்கம்.

'எங்கள்' என்று சொல்வது மேடை வழக்குக்காக அன்று. இவ்வுரையை எழுதியவர்கள் நால்வர். நோய்க்கூறியல் ஆய்வகத்தில் பணிபுரிவோர் இருவர், தாதி ஒருவர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர். மார்பகப் புற்றுநோய்க்கு ஆளான தமிழ்ப் பெண்களுக்காக எளிய தமிழில் விளக்கக் குறிப்புகள் எழுதுவது எங்கள் ஓய்வுநேரப் பணி. மேடையில் நிற்பது ஒருவராயினும் பேசுவது நால்வரும்தான்.

இம்மேடையில் சங்க இலக்கியமும் இலக்கணமும் சிங்கப்பூர்ச் சிறுகதையும் முழங்கிய பிறகு, உயிரணுவைப் பற்றிப் பேச ஒரு குழு வந்திருப்பது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும் எங்கள் பொருளும் ஒரு சொல்லிலிருந்துதான் தொடங்குகிறது. 'சமிக்ஞை' என்பது அச்சொல்.

இத்தீவில் அச்சொல்லை அறியாத தமிழர் இரார். காலை வேளையில் பெருவிரைவு ரயில் இரு நிலையங்களுக்கு இடையே நின்றுவிட்டால், அடுத்த வானொலிச் செய்தியில் 'சமிக்ஞைக் கோளாறு' என்ற தொடர் வந்துவிடும். தண்டவாளம் உடையவில்லை, இயந்திரம் பழுதாகவில்லை; 'போ', 'நில்' என்று சொல்ல வேண்டிய செய்தி மட்டும் சரியாகச் சென்று சேரவில்லை. புற்றுநோய் இதன் மறுதலை. அங்கே வண்டி நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. 'பிரிந்து பெருகு' என்னும் செய்தி, எவரும் அனுப்பாதபோதும் கேட்டுக்கொண்டிருக்கிறது; 'போதும்' என்னும் செய்தி காதில் விழுவதில்லை. இந்த ஒரு கருத்தைத்தான் இன்று சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறோம்.

அதற்கு முன் ஒரு நிகழ்ச்சியைச் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் அறுபத்திரண்டு வயதுடைய அம்மையார் ஒருவர் தம் திசு ஆய்வு அறிக்கையின் படியை வீட்டுக்கு எடுத்துச் சென்றார். ஆங்கிலம் படிக்கும் பேரன் அதைப் படித்துப் பார்த்தான். அறிக்கையின் அடியில் மூன்று வரிகள். மூன்றிலும் 'நெகட்டிவ்' என்றிருந்தது. "பாட்டி, மூன்றும் நெகட்டிவ்தான், ஒன்றுமில்லை," என்றான் அவன். அம்மையார் கோவிலுக்குப் போய் அர்ச்சனை செய்தார். உறவினர்களுக்குத் தொலைபேசியில் சொன்னார். அடுத்த சந்திப்புக்கு வரவில்லை. மூன்று வாரம் கழித்துத் தாதி அழைத்துப் பேசியபோதுதான் உண்மை புரிந்தது. அந்த மூன்று 'நெகட்டிவ்' சொற்களும் நோய் இல்லை என்று கூறவில்லை. அவை குறித்தது, நோயின் மிகக் கடுமையான வகைகளுள் ஒன்றை.

பேரன் மீது பிழையில்லை. கிருமித்தொற்றுக் காலத்தில் நாம் எல்லாரும் 'நெகட்டிவ்' என்றால் நிம்மதி என்று பழகிவிட்டோம். பிழை அந்த வரிகளை விளக்காமல் கொடுத்தனுப்பியதில் இருக்கிறது. எங்கள் குழு உருவானதற்கு அதுவே காரணம்.

அந்த மூன்று வரிகள் எவற்றைப் பற்றியவை? ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, புரோஜெஸ்டிரோன் ஏற்பி, ஹெர்2 என்னும் ஏற்பி. ஏற்பி என்பது உயிரணுவில் செய்தியை ஏற்கும் புரதம். உயிரணுவின் செவி என்று சொல்லிவிட்டால் எளிதில் விளங்கும். ஒரு கட்டியின் உயிரணுக்களுக்கு எந்தச் செவிகள் இருக்கின்றன, எந்தச் செவிகள் இல்லை என்பதைத்தான் அறிக்கையின் கடைசி மூன்று வரிகள் சொல்கின்றன. எந்த மருந்து பயன்படும், எது வீண் என்பது பெரும்பாலும் அங்கேயே முடிவாகிவிடுகிறது.

மார்பகம் இயல்பிலேயே செய்திக்குக் காத்திருக்கும் உறுப்பு. இதயமும் சிறுநீரகமும் கருவிலேயே உருவம் பெற்றுவிடுகின்றன. மார்பகமோ பிறப்பில் வெறும் தொடக்கமாகவே இருக்கிறது. பூப்பெய்தும் பருவத்தில் வரும் செய்திக்கு அது வளர்கிறது. மாதந்தோறும் சற்றே பெருகி, சற்றே அடங்குகிறது. கருவுற்றால் பால் சுரப்பிகள் கிளைத்துப் பெருகுகின்றன. பிள்ளை பால்குடி மறந்தபின், பெருகிய உயிரணுக்களில் பெரும்பகுதி ஆணை கேட்டுத் தாமே மடிகின்றன. வளர், நில், மடி என்னும் மூன்று ஆணைகளுக்கும் இவ்வளவு பணிவாகச் செவிசாய்க்கும் திசு உடலில் அரிது. அந்தப் பணிவைத்தான் நோய் பயன்படுத்திக்கொள்கிறது.

இதை முதலில் கண்டவர் உயிரணுவைப் பற்றி ஆராய்ந்தவர் அல்லர். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் அறுவை மருத்துவராக இருந்த ஜார்ஜ் பீட்சன் என்பவர், பால் சுரப்பதைப் பற்றி இளமையிலேயே ஆடுகளைக் கொண்டு ஆராய்ந்தவர். சூலகத்தை அகற்றினால் பசு தொடர்ந்து பால் கறக்கும் என்று சில நாட்டு உழவர்கள் அறிந்திருந்ததும் அவர் கவனத்துக்கு வந்தது. எங்கோ இருக்கும் சூலகத்துக்கும் மார்பகத்துக்கும் நரம்புவழித் தொடர்பு எதுவும் காணப்படவில்லை. ஆயினும் ஒன்றன் சொல்லை மற்றொன்று கேட்கிறது. அறுவை மருத்துவத்தால் இனிப் பயனில்லை என்ற நிலையில் இருந்த மார்பகப் புற்றுநோயாளிகளின் சூலகங்களை அவர் அகற்றிப் பார்த்தார்; கட்டிகள் சுருங்கக் கண்டார். 1896-இல் லான்செட் இதழில் அதை எழுதினார். ஹார்மோன் என்ற சொல்லே அப்போது பிறக்கவில்லை. செய்தி எதுவென்று தெரியாமலே, செய்தி அனுப்பும் இடத்தை அவர் மூடினார்.

ஆனால் ஒரு புதிர் எஞ்சியது. இம்முறை சிலருக்கே பலன் தந்தது. பலருக்குச் சூலகத்தை அகற்றியும் கட்டி சற்றும் அசையவில்லை. ஏன் என்று அறிய அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

விடை சிக்காகோவில் கிடைத்தது. எல்வுட் ஜென்சன் என்னும் வேதியியலாளர், கதிரியக்க ஹைட்ரஜனை ஈஸ்ட்ரோஜனில் பிணைத்து, உடலுக்குள் அது எங்கே செல்கிறது என்று 1950களின் பிற்பகுதியில் பின்தொடர்ந்தார். குருதி எங்கும் அதைக் கொண்டுசென்றாலும், கருப்பை போன்ற சில திசுக்களில் மட்டும் அது தங்கியது. அங்கே அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஏதோ ஒன்று இருக்கிறது. அதுவே ஈஸ்ட்ரோஜன் ஏற்பி. செய்தி எல்லா வீட்டுக்கும் போகிறது; செவி உள்ள வீட்டில்தான் கேட்கிறது. பீட்சனின் நோயாளிகளுள் யாருடைய கட்டிக்கு அந்தச் செவி இருந்ததோ அவர்களே பயன்பெற்றனர். இன்று மார்பகப் புற்றுநோய்களில் 100-க்கு ஏறத்தாழ 70 இவ்வகையைச் சேர்ந்தவை என்று அறிவோம்.

இந்த ஏற்பி உயிரணுவின் வெளியே இல்லை, உட்கருவில் இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் கொழுப்பில் கரையும் சிறு மூலக்கூறு ஆதலால் உயிரணுச் சவ்வைத் தானே கடந்து உள்ளே போய்விடும். ஏற்பியைச் சேர்ந்ததும், இரண்டும் இணைந்து டி.என்.ஏ. இழையில் குறிப்பிட்ட இடங்களில் அமர்ந்து மரபணுக்களை இயக்குகின்றன. அவ்வாறு இயங்கும் மரபணுக்களுள் ஒன்று புரோஜெஸ்டிரோன் ஏற்பியைச் செய்யும் மரபணு. அறிக்கையில் இரண்டாவது வரி ஏன் இருக்கிறது என்பதற்கு இதுவே விளக்கம். முதல் செவி இருக்கிறது என்றால் போதாது; அது கேட்டுச் செயல்படுகிறதா என்று அறிய வேண்டும். இரண்டாம் ஏற்பி இருப்பது, முதல் ஏற்பி உழைக்கிறது என்பதற்குச் சான்று. வீட்டில் ஆள் இருக்கிறாரா என்று கதவைத் தட்டாமல், சன்னலில் விளக்கு எரிகிறதா என்று பார்ப்பது போல.

செவி இருப்பது தெரிந்தால் அதை அடைக்கலாம். தமொக்சிஃபென் என்னும் மருந்தின் கதை விந்தையானது. 1960களில் பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவன ஆய்வகத்தில் அது கருத்தடை மருந்தாகவே உருவாக்கப்பட்டது. அந்தப் பணியில் அது தோற்றது. தோற்ற மருந்தை மார்பகப் புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த மான்செஸ்டர் மருத்துவர்கள் 1971-இல் நம்பிக்கையூட்டும் முடிவுகளை வெளியிட்டனர். அம்மருந்து ஏற்பியின் துவாரத்தில் போய்ப் பொருந்திக்கொள்ளும். ஆனால் மார்பகத்தில் பூட்டைத் திறக்காது. தவறான சாவி உள்ளே இருக்கும்வரை சரியான சாவி நுழைய முடியாது. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ள பெண்கள் ஐந்தாண்டுகள் அதை உட்கொண்டால், முதல் பதினைந்து ஆண்டுகளில் இந்நோயால் ஏற்படும் இறப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. நாள்தோறும் ஒரு சிறு மாத்திரைக்கு இது பெரும் சாதனை.

அதே சாவி வேறு வீட்டில் வேறு விதமாக நடந்துகொள்ளும் என்பதையும் மறைக்கலாகாது. கருப்பையில் அது ஈஸ்ட்ரோஜனைப் போலவே செயல்பட்டு, அங்கே புற்று தோன்றும் வாய்ப்பைச் சிறிது கூட்டுகிறது. மாதவிலக்கு நின்றவர்களின் எலும்புக்கோ அது நன்மை செய்கிறது. மாத்திரை எடுப்பவர்களுக்கு மாதவிலக்கு நின்ற பிறகும் குருதிப்போக்கு இருந்தால் உடனே சொல்ல வேண்டும் என்று மருத்துவர் வற்புறுத்துவது இதனால்தான். காரணம் தெரியாமல் வெறும் அறிவுரையாகக் கேட்ட பெண்கள், சொல்ல வெட்கப்பட்டு மறைத்ததை நாங்கள் கண்டிருக்கிறோம். காரணம் புரிந்த பின் மறைத்தவர் இல்லை.

மாதவிலக்கு நின்றபின் சூலகம் ஓய்ந்துவிடுகிறதே, பிறகு ஈஸ்ட்ரோஜன் எங்கிருந்து வருகிறது என்று கேட்கலாம். கொழுப்புத் திசுவில் உள்ள அரோமடேஸ் என்னும் நொதி, வேறு ஹார்மோன்களை ஈஸ்ட்ரோஜனாக மாற்றித் தருகிறது. லெட்ரோசோல் போன்ற மருந்துகள் அந்நொதியைத் தடுக்கின்றன. முதுமையில் உடற்பருமன் மார்பகப் புற்றுநோய்க்கு ஏன் ஒரு காரணியாகிறது என்பதும் இதனால் ஓரளவு விளங்கும்.

இவ்விடத்தில் எங்களிடம் அடிக்கடி வரும் ஒரு கேள்விக்கு விடை சொல்லிவிடுகிறோம். சோயாப்பாலும் தாவ்ஹூவும் உண்ணலாமா? சோயாவில் ஈஸ்ட்ரோஜனை ஒத்த தாவரப் பொருள் உண்டு என்று கேள்விப்பட்டு, நோயுற்றவர்கள் உணவங்காடியில் எதை வாங்குவதென்று அஞ்சி நிற்கிறார்கள். ஷாங்ஹாய் நகரில் இந்நோயிலிருந்து மீண்ட 5,042 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2009-இல் வெளியான ஆய்வில், சோயா உணவு மிகுதியாக உண்டவர்களுக்கு நோய் மீள்வது கூடவில்லை, குறைந்தே இருந்தது. உணவாக உண்பதற்கு அஞ்ச வேண்டியதில்லை. செறிவூட்டிய மாத்திரைகளாக விற்பவை வேறு. அவற்றை மருத்துவரைக் கேளாமல் தொடாதீர்கள்.

இனி மூன்றாம் வரிக்கு வருவோம். ஹெர்2 வேறு வகைச் செவி. அதைப் புரிந்துகொள்ள ஓர் எலிக்குஞ்சின் கண்ணிமையிலிருந்து தொடங்க வேண்டும். அமெரிக்க அறிவியலாளர் ஸ்டான்லி கோஹன், எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றைப் பிறந்த எலிக்குஞ்சுகளுக்குச் செலுத்தியபோது, உரிய நாளுக்கு முன்பே அவற்றின் கண்கள் திறந்தன, பற்கள் முளைத்தன. சாற்றில் ஏதோ ஒரு பொருள் தோலின் உயிரணுக்களை 'வளர்' என்று அவசரப்படுத்துகிறது. அதுவே மேல்தோல் வளர்ச்சிக் காரணி. இதற்காக 1986-இல் ரீட்டா லெவி-மொண்டால்சினியோடு அவர் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

வளர்ச்சிக் காரணி புரதம் ஆதலால் சவ்வைக் கடந்து உள்ளே போக இயலாது. வாசலிலேயே செய்தியைச் சொல்லிவிட்டு நிற்க வேண்டியதுதான். அதற்கேற்ப, ஏற்பியின் ஒரு பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், மறுபாதி உள்ளே இருக்கும். செய்தி வந்து தொட்டதும் ஏற்பி வடிவம் மாறி, அருகிலுள்ள இன்னோர் ஏற்பியோடு கைகோக்கிறது. இணைந்த இரண்டும் உள்பக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்று பாஸ்பேட் என்னும் சிறு அடையாளத்தை ஒட்டிக்கொள்கின்றன. அந்த அடையாளத்தைக் கண்டு அடுத்த புரதம் விழிக்கிறது. அது இன்னொன்றை எழுப்புகிறது. ராஸ், ராஃப், மெக், எர்க் என்று ஒரு வரிசை. பி.ஐ.3 கைனேஸ், ஏ.கே.டி., எம்டார் என்று இன்னொரு வரிசை. இரண்டாவது வரிசை, உயிரணு உண்பதையும் பருப்பதையும் சாகாமல் இருப்பதையும் கவனிக்கிறது. முதலாவது, பிரிந்து பெருகுவதைக் கவனிக்கிறது. இவ்வாறு வகுத்துச் சொல்வது எங்கள் வசதிக்காக; உயிரணுவில் இரு பாதைகளுக்கும் இடையே பல குறுக்குச் சந்துகள் உண்டு.

நலமான உயிரணுவில் இப்பேச்சு நெடுநேரம் நீடிப்பதில்லை. செய்தி கேட்ட ஏற்பியை உயிரணு உள்ளே இழுத்துக்கொண்டு பெரும்பாலும் அழித்துவிடும். ஒட்டிய பாஸ்பேட்டைக் கிள்ளி எறியும் நொதிகளும் இருக்கின்றன. பி.டென் என்னும் புரதம் இரண்டாவது வரிசையின் செய்தியை அழிக்கும் பணியாளர், 1997-இல் கண்டறியப்பட்டது. பல கட்டிகளில் இப்பணியாளர் இல்லாமற் போகிறார். ஆணையிடுபவர் மிகுவது மட்டுமன்று, அழிப்பவர் குறைவதும் புற்றுநோய்தான்.

ஹெர்2, வளர்ச்சிக் காரணி ஏற்பிகளின் குடும்பத்தில் ஒரு விசித்திரப் பிறவி. அதற்கென்று தனியே வரும் செய்தி எதுவும் இல்லை. எப்போதும் கையை நீட்டியபடியே, பக்கத்தில் விழிக்கும் உடன்பிறப்போடு சேரக் காத்திருக்கும். உள்ளே இழுத்து அழிக்கவும் எளிதில் இடங்கொடாது. சாதாரணமாக அதனால் தொல்லை இல்லை. வேண்டிய அளவே இருக்கிறது. ஆனால் சில கட்டிகளில், 17-ஆம் குரோமோசோமில் உள்ள அதன் மரபணு இரண்டு படிகளாக இராமல், பத்து, இருபது என்று பெருகிவிடுகிறது. மரபணுப் படிகள் பெருகினால் ஏற்பிகளும் பெருகும்; ஓர் உயிரணுவின்மேல் இரண்டு மில்லியன் வரை. கூட்டம் நெருங்கினால் தோளோடு தோள் முட்டாமல் இருக்க முடியுமா? யாரும் எதுவும் சொல்லாமலே அவை தம்முள் இணைந்து, 'வளர்' என்று உள்ளே கூவத் தொடங்குகின்றன.

1985-இல் இம்மரபணுவைப் பிரித்தெடுத்தோருள் ஒருவர் ஆக்சல் உல்ரிச். லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் டென்னிஸ் ஸ்லேமன், தாம் சேர்த்துவைத்திருந்த கட்டி மாதிரிகளில் அதைத் தேடினார். 1987-இல் அவர்கள் சேர்ந்து வெளியிட்ட கட்டுரை 189 கட்டிகளை ஆராய்ந்தது. ஏறத்தாழ 30 விழுக்காட்டில் மரபணு பெருகியிருந்தது. பெருகியவர்களுக்கு நோய் விரைந்து மீண்டது, ஆயுள் குறைந்தது. இப்போதைய கணக்கில் அவ்வகை 15 முதல் 20 விழுக்காடு. அந்த ஏற்பியின் வெளிப்பாதியைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்புரதமாக டிராஸ்டுசுமாப் உருவானது. 1998-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. தொடக்கநிலை நோயாளிகளுக்கு அறுவைக்குப்பின் வேதிச்சிகிச்சையோடு அதைக் கொடுத்தால் நோய் மீள்வது ஏறத்தாழ பாதியாகக் குறைகிறது என்று 2005-இல் முடிவுகள் வந்தன. மிகக் கெட்ட வகை என்று சொல்லப்பட்டது, மருந்துக்கு நன்கு கட்டுப்படும் வகையாயிற்று. எங்கள் குழுவின் தாதி பணியில் சேர்ந்த காலத்தில், அறிக்கையின் மூன்றாம் வரியைப் படித்து மருத்துவர்கள் முகம் வாடியதுண்டாம். இன்று அதே வரியைப் படித்து நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

விலைதான் நெடுங்காலம் தடையாக நின்றது. உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் இம்மருந்தை இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. காப்புரிமை முடிந்தபின் ஒத்த மருந்துகள் வந்து விலை இறங்கியிருக்கிறது. ஆயினும் கடலுக்கு அப்பால் நம் உறவினர் வாழும் ஊர்களில் எல்லாருக்கும் அது எட்டிவிட்டது என்று சொல்வதற்கில்லை.

மருந்து கொடுக்கும் காலத்தில் இதயத்தை ஏன் அடிக்கடி சோதிக்கிறார்கள்? இதயத் தசையின் உயிரணுக்களும் நெருக்கடியில் பிழைத்திருக்க ஹெர்2 செவியைப் பயன்படுத்துகின்றன. புற்று தனக்கென்று புதிய மொழி எதையும் கண்டுபிடிப்பதில்லை. உடல் பேசும் மொழியையே அடங்காமல் பேசுகிறது. அதை அடக்கப் போடும் பூட்டு, நல்ல வீட்டுக் கதவையும் சிறிது அடைத்துவிடுகிறது.

நீரிழிவு மலிந்த நம் சமூகத்துக்கு இன்னோர் எடுத்துக்காட்டு உடனே விளங்கும். பி.ஐ.3 கைனேஸ் பாதை என்றோமே, இன்சுலினும் அதே பாதையில்தான் தன் செய்தியை அனுப்புகிறது. 'சர்க்கரையை உள்ளே எடு' என்று தசைக்குச் சொல்லும் பாதையும், 'சாகாதே, பெருகு' என்று கட்டிக்குச் சொல்லும் பாதையும் ஒன்றே. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ள கட்டிகளில் 100-க்கு ஏறத்தாழ 40-இல் இப்பாதையின் மரபணு பிறழ்ந்து, செய்தி இல்லாமலே விழித்திருக்கிறது. அதைத் தடுக்கும் அல்பெலிசிப் என்னும் மருந்து 2019-இல் வந்தது. அதை உட்கொள்வோர் பலருக்குக் குருதியில் சர்க்கரை ஏறுகிறது. மருந்து தவறு செய்யவில்லை. சொன்ன இடத்தில்தான் அடைத்திருக்கிறது.

ஒரு பாதையை அடைத்தால் கட்டி இன்னொரு பாதையில் திரும்பும் என்பதும் கசப்பான உண்மை. பல ஆண்டுகள் ஈஸ்ட்ரோஜனைத் தடுத்தபின், சில கட்டிகளில் ஏற்பியே பிறழ்ந்து, ஹார்மோன் இல்லாமலே இயங்கக் கற்றுக்கொள்கிறது. செய்தி வராவிட்டாலும் கேட்டதாகவே நடந்துகொள்ளும் செவி! ஆகவே பாதைகள் எல்லாம் வந்து கூடும் சந்திப்பில் காவல் போடலாமே என்ற எண்ணம் பிறந்தது. உயிரணு பிரிவதா வேண்டாமா என்று முடிவாகும் அந்த இடத்தில் சைக்ளின் என்னும் புரதங்கள் இருக்கின்றன. 1982-இல் டிம் ஹண்ட் அவற்றைக் கடல் முள்ளெலியின் முட்டைகளில் கண்டார். ஒவ்வொரு பிரிவின்போதும் அப்புரதம் திரண்டு மறைந்தது. புற்றுநோய்க்கு மருந்து தேடி அவர் முள்ளெலியிடம் போகவில்லை. ஆயினும் அந்த அறிவின் வழியே 2015-இல் பால்போசிக்லிப் என்ற மாத்திரை வந்தது. பயன் என்ன என்று கேட்டு அடிப்படை ஆராய்ச்சிக்கு வாசலை அடைப்போர் நினைவில் கொள்ளத்தக்க செய்தி இது.

இதுவரை சொன்னவற்றை எழுதி முடித்துத்தான் எங்கள் முதல் குறிப்பை அச்சிட்டோம். அறிவியல் பிழை இல்லை. தமிழில் பிழை இருந்தது. 'பாசிட்டிவ்', 'நெகட்டிவ்' என்பவற்றை 'நேர்மறை', 'எதிர்மறை' என்று மொழிபெயர்த்திருந்தோம். அகராதிப்படி சரிதான். ஆனால் 'நேர்மறை' என்றால் நல்லது என்று நம் மேடைகள் பழக்கிவிட்டன. 'எதிர்மறை' என்றால் தீயது. ஹெர்2 நேர்மறை என்று படித்த ஒருவர் மருந்தே வேண்டாம் என்று எண்ணிவிட்டார். ஆங்கிலச் சொல் ஒரு பக்கம் தவறாக இழுத்தால், எங்கள் தமிழ்ச் சொல் மறுபக்கம் இழுத்தது. குழுவின் தமிழாசிரியர்தான் தெளிவித்தார்: "மறை என்பதை விடுங்கள். உண்டு, இல்லை என்று இரண்டு நல்ல சொற்கள் இருக்கின்றன." அன்றுமுதல் 'ஏற்பி உண்டு', 'ஏற்பி இல்லை' என்றே எழுதுகிறோம். 'மும்மை எதிர்மறை மார்பகப் புற்றுநோய்' என்று சில ஏடுகள் எழுதுவதை நாங்கள் 'மூன்று ஏற்பிகளும் இல்லாத வகை' என்கிறோம். நீளமாக இருக்கிறது, இருக்கட்டும்.

100-க்கு 10 முதல் 15 பேருக்கு வருவது அந்த வகை. நாம் தொடக்கத்தில் பேசிய அம்மையாருக்கு வந்ததும் அதுவே. இப்படங்களையெல்லாம் வைத்து நாங்கள் அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது இடைமறித்தார். "என் கட்டிக்குக் காதே இல்லைன்னு சொல்றீங்களா தம்பி? காது இல்லாம அது யார் சொல்லைக் கேட்டு வளருது?"

ஆராய்ச்சிக் கருத்தரங்கில் கேட்கத்தக்க கேள்வி. எங்களுக்குச் சிறிது நேரம் பிடித்தது. நாம் தேடும் மூன்று செவிகள்தாம் இல்லை. வேறு செவிகள் இருக்கலாம். பலவேளைகளில், பிரிவதைத் தடுக்க வேண்டிய பி53 என்னும் காவலர் புரதம் பழுதாகியிருக்கும், பழுதான டி.என்.ஏ.வைச் செப்பனிடும் பி.ஆர்.சி.ஏ.1 மரபணு சிலருக்குக் கெட்டிருக்கும். வெளியிலிருந்து குரல் வர வேண்டியதில்லை, உள்ளேயே பேச்சு நடக்கிறது என்று சொன்னோம். அவருக்கு அடுத்த கேள்வி வந்தது: "அப்ப நீங்க சொல்றது அதுக்கு எப்படிக் கேட்கும்?"

கேட்காது. ஆகவே அவ்வகைக்குத் தமொக்சிஃபெனும் பயனில்லை, டிராஸ்டுசுமாப்பும் பயனில்லை. பிரியும் உயிரணுக்களை நேரடியாகத் தாக்கும் வேதிச்சிகிச்சையே முதன்மை. பெரும்பாலும் அறுவைக்கு முன்பே கொடுக்கிறார்கள். கட்டியோடு பேசுவதை விட்டு, உடலின் நோயெதிர்ப்பு உயிரணுக்களோடு பேசும் மருந்துகளும் வந்துவிட்டன. பெம்ப்ரோலிசுமாப் அவற்றுள் ஒன்று, தொடக்கநிலையில் உள்ள இவ்வகைக்கு 2021-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அம்மையார் வேதிச்சிகிச்சைக்கு ஒப்புக்கொண்டார். ஒவ்வொரு சுற்றிலும் எங்கள் குறிப்பின் வரைவைக் கையில் வைத்துக்கொண்டு, புரியாத சொல்லின் கீழ்ப் பென்சிலால் கோடிட்டுத் திருப்பித் தந்தார். 'உட்கருவினுள் படியெடுத்தல்' என்று நாங்கள் பெருமையோடு எழுதியிருந்த பத்தி முழுவதும் கோடாகத் திரும்பி வந்தது.

இப்போது அச்சில் இருப்பது குறிப்பின் நான்காம் பதிப்பு. மூன்று ஏற்பிகளும் இல்லாதவர்களுக்கான பக்கத்தில் அறிவியல் தொடங்குவதற்கு முன்னால், தடித்த எழுத்தில் ஒரு வரி இருக்கிறது: 'இல்லை என்று எழுதியிருப்பது ஏற்பியை; நோயை அன்று. குறித்த நாளில் வந்துவிடுங்கள்.' அது எங்களில் எவர் எழுதியதும் இல்லை. அம்மையார் பென்சிலால் ஓரத்தில் எழுதித் தந்தது. ஒரு புள்ளியைக்கூட மாற்றாமல் அச்சிட்டோம்.

படிகள் வாசலருகே மேசைமேல் இருக்கின்றன. வீட்டுக்கு ஒன்று எடுத்துச் செல்லுங்கள், பென்சிலும் வைத்திருக்கிறோம்.